ஒளுவும் ஒரு ‘முத்து’ நீரும்

நிலத்தின் நீர் எட்டாத ஆழத்திற்கு இறங்கிப் போய்விட்டால், அதனை மீட்டுத் தரக்கூடியவர் யார் என்னும் பொருள்பட்ட வினாவோடு திருமறையின் 67ஆம் அத்தியாயமாகிய ‘அல்முல்க்’ நிறைவு பெறுகின்றது. இரவில் உறங்கச் செல்லுமுன் இவ்வத்தியாயத்தை ஓதும் வழக்கம் நம் இல்லங்கள் பலவற்றில் உண்டு. ஓதி முடித்து, விளக்கை அணைத்து உறங்கிவிடுகிறோம். 2019ஆம் ஆண்டுக் கோடையிலோ, அவ்வினா சென்னை மாநகர மக்களின் வாசலுக்கே வந்து நின்றது.

அவ்வாண்டு ஜூன் திங்களில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் ஏறத்தாழ வற்றிப்போயின. ஜூலை 12ஆம் நாள், ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் ஏறக்குறைய 25 லட்சம் லிட்டர் குடிநீர் ரயிலேறி வில்லிவாக்கம் வந்து சேர்ந்தது. அதற்கு நான்காண்டுகளுக்கு முன்னர், 2015 டிசம்பரில், அதே நகரம் வெள்ளத்தில் மிதந்தது என்பதை மறந்துவிடலாகாது. ஆண்டவன் மழையைத் தரவில்லை என்று யாரும் கூற இயலாது. தந்தான்; நாம்தான் ஏரிகளை மனைகளாக்கி, கால்வாய்களைக் குப்பையால் அடைத்து, வந்த நீரைக் கடலுக்கு வழியனுப்பி வைத்தோம். தரையிலும் கடலிலும் தோன்றும் சீர்கேட்டிற்கு மனிதக் கரங்களின் சம்பாத்தியமே காரணம் என்று ‘அர்ரூம்’ அத்தியாயத்தின் 41ஆம் வசனம் கற்பிப்பதற்கு இதைவிட விளக்கவுரை வேண்டுமோ?

சுற்றுச்சூழல் என்றவுடன் ஆலைப் புகையையும் பனிமலை உருகுவதையும் பேசி, பிறரைக் குறை கூறி அமைவது எளிது. நான் பேச விழைவது நாளொன்றுக்கு ஐந்து முறை நாமே கைதொட்டுச் செய்யும் ஒரு காரியத்தைப் பற்றி. அதுதான் ஒளு.

அண்ணல் நபி (ஸல்) அவர்கள் ஒரு ‘முத்து’ அளவு நீரில் ஒளுச் செய்வார்கள் என்றும், ஒரு ‘ஸாஉ’ முதல் ஐந்து ‘முத்து’ வரையிலான நீரில் குளிப்பார்கள் என்றும் அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் பதிவாகியுள்ளது. முத்து என்பது இங்கே அணியும் முத்தன்று. அரபு நாட்டு முகத்தலளவை. நடுத்தர மனிதர் ஒருவரின் இரு கைகளும் சேர்ந்து ஏந்தும் அளவு. முக்கால் லிட்டருக்கு மேற்படாது. நான்கு முத்து கொண்டது ஒரு ஸாஉ. குளிப்பதற்கு ஒரு ஸாஉ தமக்குப் போதாது என்று முறையிட்ட ஒருவரிடம், உம்மினும் அடர்ந்த முடியுடையவரும் உம்மினும் சிறந்தவருமான ஒருவருக்கு அது போதுமானதாக இருந்ததே என்று ஜாபிர் (ரலி) அவர்கள் மறுமொழி கூறினார்களாம். இதற்குமேல் அந்த மனிதர் என்ன பேசியிருக்க முடியும்!

ஓடும் ஆற்றங்கரையில் இருந்தாலும் ஒளுவில் விரயம் கூடாது என்று ஸஅத் (ரலி) அவர்களிடம் நபிகளார் உரைத்ததாக இப்னுமாஜாவில் வரும் செய்தியை நம் மார்க்கச் சொற்பொழிவாளர்கள் அடிக்கடி எடுத்தோதுவதுண்டு. அதன் அறிவிப்பாளர் வரிசையில் குறை காணும் ஹதீஸ் கலை வல்லுநர்களும் உளர். ஆயினும் முத்து அளவைக் கூறும் ஹதீஸில் எவருக்கும் ஐயமில்லை. நம் வாதத்திற்கு அதுவே போதும்.

இனி நமது பள்ளிவாசலுக்கு வருவோம். முன்னாளில் ஹவுளைச் சுற்றி அமர்ந்து, கையால் அள்ளி ஒளுச் செய்தோம். கை கொள்ளும் அளவே நீர் வரும். சட்டைக் கையை மடிக்கும் நேரத்தில் நீர் தானாகச் செலவாவதில்லை. இல்லங்களில் கிணற்றடியில் கெண்டி இருந்தது. குழாய் வந்தபின் நிலைமை மாறிற்று. திறந்த குழாய் நாம் முகம் கழுவும்போதும் ஓடுகிறது; தலைக்கு மஸஹ் செய்யும்போதும் ஓடுகிறது; பக்கத்தில் இருப்பவரிடம் நலம் விசாரிக்கும்போதும் ஓடுகிறது. ஓர் உறுப்பை மும்முறைக்கு மேல் கழுவுவது வரம்பு மீறல் என்று அறிந்தவர்களும், முப்பது முறைக்கான நீரைக் கால்வாயில் விடுகின்றார்கள். ஹவுள்களை மீண்டும் கட்டுங்கள் என்று நான் கூறவில்லை. அவற்றைத் தூய்மையாகப் பேணும் சிரமம் முத்தவல்லிகளுக்குத்தான் தெரியும்.

ஒரு கணக்கை எண்ணிப் பாருங்கள். திறந்துவிட்ட குழாயில் ஒருவர் ஒளுவுக்கு ஆறு லிட்டர் செலவிடுகிறார் எனக் கொள்வோம். இரண்டு லிட்டரில் முடித்தாலும் அது நபிகளாரின் அளவைப்போல் இருமடங்கிற்கு மேலாகும். வக்துக்கு 200 பேர் ஒளுச் செய்யும் பள்ளியில் நாளொன்றுக்கு மிச்சமாவது 4,000 லிட்டர். ஆண்டுக்கு 14 லட்சத்து 60 ஆயிரம் லிட்டர். சென்னைக்கு வந்த நீர் ரயிலில் பாதிக்கும் மேற்பட்ட பங்கு அது!

வேளாண்மையும் தொழிற்சாலையும் குடிக்கும் நீரின்முன் இது எம்மாத்திரம் என்று கேட்போர் உண்டு. கேள்வி நியாயமானதே, நாட்டின் நீரில் பெரும்பங்கு வயல்களுக்கே போகிறது. ஆயின் நிலத்தடி நீர் அந்தந்த ஊரின் சொத்து. அதிலும் காயல்பட்டினம், கீழக்கரை, அதிராம்பட்டினம், பரங்கிப்பேட்டை எனக் கடலோரத்தில் வாழும் நமக்கு இது உயிர்ப் பிரச்சினை. கடற்கரை மணலின் அடியில் நன்னீர், உப்புநீரின்மேல் மிதந்து நிற்கிறது. மேலுள்ளதை மிகுதியாக இறைத்தால் கீழுள்ளது ஏறிவரும். சென்னைக்கு வடக்கே மீஞ்சூர்ப் பகுதியில் இவ்வாறுதான் கடல்நீர் பல கிலோமீட்டர் உள்நோக்கிப் புகுந்து கிணறுகளைக் கெடுத்தது. ஒருமுறை உப்பேறிய ஊற்று மீண்டும் இனிக்க ஒரு தலைமுறை போதாது. மேலும், வீணாகும் ஒவ்வொரு வாளி நீரையும் மேலே ஏற்றியது மின்சாரம். நம் நாட்டின் மின்சாரத்தில் பெரும்பகுதி இன்றும் நிலக்கரியை எரித்தே பெறப்படுகிறது.

ஒளுச் செய்த நீர் எங்கே போகிறது? பெரும்பாலான ஊர்களில் சாக்கடைக்கு. அது மீண்டும் ஒளுச் செய்ய ஆகாத ‘முஸ்தஃமல்’ நீர்தான், ஆயினும் அசுத்தமன்று. சோப்பும் எண்ணெயும் கலவாத அந்நீரைத் தென்னைக்கும் வாழைக்கும் தயக்கமின்றிப் பாய்ச்சலாம். ஒரு முஸ்லிம் நட்ட மரத்தின் கனியைப் பறவை உண்டாலும் அது அவருக்குத் தர்மமாக எழுதப்படும் என்பது நபிமொழி; அந்த மரத்திற்குப் பள்ளியின் ஒளு நீரே கிடைப்பது எத்துணைப் பொருத்தம்! மரம் வைக்க இடமில்லாத பள்ளிகள் உறிஞ்சுகுழி அமைக்கலாம். மழைநீர்ச் சேகரிப்பைத் தமிழக அரசு 2003ஆம் ஆண்டிலேயே கட்டாயமாக்கியது. அந்தக் குழியைத் தூர்வாரி எத்தனை ஆண்டுகளாயின என்று நிர்வாகிகள் பார்க்கவேண்டும். சவூதி அரேபியாவின் மூத்த அறிஞர் பேரவை, நிறமும் சுவையும் மணமும் முற்றிலும் திரும்பும்வரை தூய்மைப்படுத்திய கழிவுநீரை ஒளுவுக்கே பயன்படுத்தலாம் என 1978இல் முடிவு செய்தது. அத்துணைத் தொலைவு செல்லும் தேவை நமக்கு இன்னும் வரவில்லை; வராதிருக்கவே இவ்வளவும் எழுதுகிறேன்.

இல்லத்தரசியருக்கு நான் அறிவுரை கூறத் துணியேன். அரிசி கழுவிய நீரைக் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றும் தாய்மார்கள் இதனை நமக்கு முன்பே அறிந்தவர்கள். ஒரு கெண்டியை மீண்டும் குளியலறையில் வைத்து, பிள்ளைகளுக்கு அதில் ஒளுச் செய்யப் பழக்கினால் போதும்.

ஜமாஅத்தார் செய்யவேண்டியது செலவு மிக்கதன்று. அழுத்தினால் சற்றே ஓடித் தானே நின்றுவிடும் குழாய்கள் கடைகளில் கிடைக்கின்றன. மினாராவுக்கு வண்ணம் பூச ஒதுக்கும் தொகையில் ஒரு பகுதி போதும். ஆனால் முதலில் அளக்கவேண்டும். வரும் ஜும்ஆவுக்கு முன் ஒரு குழாயின்கீழ் வாளியை வைத்து, ஒருவரின் ஒளுவுக்கு எத்தனை லிட்டர் விழுகிறது என்று பார்த்து, அந்த எண்ணை அறிவிப்புப் பலகையில் எழுதலாம். சந்தாக் கணக்கு எழுதும் அதே பலகையில், அதற்குப் பக்கத்திலேயே.