துப்பாக்கியோடு புத்தகமும் வேண்டும்

பட்டாளத்து வேலை ஆயுள் முழுவதும் இருக்கும் வேலை அல்ல. 15 ஆண்டு சேவை முடித்த சிப்பாய்க்குப் பென்ஷன் உண்டு. ஆனால், ஊர் திரும்பும்போது பலருக்கு வயது நாற்பதுகூட ஆகியிருக்காது. பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருப்பார்கள். ஆகவே இன்னொரு வேலை தேட வேண்டும்.

என்ன வேலை கிடைக்கிறது? பலருக்குக் கிடைப்பது கம்பெனி வாசலில் காவல் வேலை!

இது நியாயமா? ஓர் அவில்தாரை எடுத்துக்கொள்வோம். யாருக்கு எந்த வேலை, யாருக்கு எப்போது லீவு, யாருக்குள் சச்சரவு, யார் வீட்டில் கஷ்டம் என்று பார்த்துப் பார்த்து ஆட்களை நடத்தியவர் அவர். கம்பெனியில் இந்த வேலையைச் செய்பவருக்கு மனிதவள அதிகாரி என்று பெயர். அவர் உள்ளே உட்கார்ந்திருக்கிறார். அவில்தார் வெளியே நிற்கிறார். இருவருக்கும் நடுவே இருப்பது ஒரு படிப்புச் சான்றிதழ்தான்.

இந்த வேலைக்கு ஆள் தேவை இல்லாமல் இல்லை. 500 தொழிலாளர் உள்ள ஆலையில் நல அதிகாரி இருக்க வேண்டும் என்றது 1948-ம் ஆண்டுச் சட்டம். 2020-ல் பார்லிமெண்டு நிறைவேற்றிய புதிய சட்டம் அதை 250 என்று குறைத்தது.

"15 ஆண்டு சேவை செய்தால் பட்டதாரிக்குச் சமம்தானே?" என்று சிலர் கேட்பார்கள். பத்தாவது தேறிய முன்னாள் ராணுவத்தினருக்கு அந்தச் சலுகை உண்மைதான். ஆனால், அது மத்திய சர்க்காரின் 'சி' பிரிவு வேலைகளுக்கு உரியது. தனியார் கம்பெனி அதை ஏற்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

ஆகவே, சீருடையில் இருக்கும்போதே படிக்க வேண்டும். 1985-ல் தொடங்கிய இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் தபால் வழியே பட்டம் பெறலாம். அதற்குக் குறைந்தது 3 ஆண்டு ஆகும். அதன் பிறகு மனிதவள மேலாண்மை டிப்ளமாவும் அங்கேயே படிக்கலாம். கடைசி ஆண்டில் விழித்துக்கொண்டால் இவ்வளவும் முடியுமா?

2022-ல் வந்த அக்னிபாதைத் திட்டத்தில் சேரும் இளைஞர்களுக்கு அவசரம் இன்னும் அதிகம். அவர்கள் சேவை 4 ஆண்டுதான். அதன் பிறகு நூற்றுக்கு 25 பேர் வரையே ராணுவத்தில் தொடர முடியும். அவர்களுக்காக அந்தப் பல்கலைக்கழகம் தனிப் பட்டப்படிப்பு வைத்தது. ராணுவப் பயிற்சிக்கே பாதி மதிப்பெண் தரும் படிப்பு அது.

எல்லையில் நிற்பவருக்குப் பரீட்சைத் தேதி பார்த்து லீவு கிடைப்பது சுலபம் அல்ல. கம்பெனித் தளபதிகள் மனம் வைக்க வேண்டும். கல்யாணத்துக்கு லீவு கொடுப்பதுபோல் பரீட்சைக்கும் கொடுக்க வேண்டும்.

வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு பொறுப்பு உண்டு. பட்டாளத்திலிருந்து போன் வரும்போது, "சாப்பிட்டாயா?" என்று கேட்கிறோம். "பாடம் படித்தாயா?" என்றும் கேட்போம். நாட்டைக் காத்தவர் வாசலில் நிற்க வேண்டாம். உள்ளே வந்து உட்காரட்டும்!