ஆறே எழுத்து... எத்தனை சொல்?



'லிசன்' என்ற ஆங்கிலச் சொல் உங்களுக்குத் தெரியும். 'கவனி' என்று பொருள். வகுப்பில் ஒரு நாளைக்குப் பத்து முறையாவது காதில் விழும் சொல். எல், ஐ, எஸ், டி, இ, என் என்று ஆறு எழுத்துகள். இந்த ஆறையும் துண்டுச் சீட்டுகளில் எழுதி, கலைத்துப் போட்டு, வேறு சொல் ஏதாவது வருகிறதா என்று பாருங்கள்.

'சைலன்ட்' வரும்! கவனிக்க வேண்டுமானால் அமைதியாக இருக்க வேண்டும் அல்லவா? எழுத்துகளே அதைச் சொல்லிவிடுகின்றன. இன்னொரு வேடிக்கையும் உண்டு. 'லிசன்' என்ற சொல்லில் டி இருந்தும் ஒலிக்காது, ஊமை எழுத்து. அதே டி, 'அமைதியான' என்று பொருள் தரும் 'சைலன்ட்' சொல்லில் போய் நன்றாகச் சத்தம் போடுகிறது! இதை ஒருமுறை கவனித்துவிட்டால், 'லிசன்' எழுதும்போது டி-யை விட்டுவிட்டு மதிப்பெண்ணை இழக்கும் பேச்சே இல்லை.

ஸ்பெல்லிங் என்றாலே உங்களில் பலருக்கு வயிற்றைக் கலக்கும். ராகம் போட்டு மனப்பாடம் செய்கிறீர்கள். டிக்டேஷன் வைக்கும்போது ராகத்தில் ஓர் எழுத்து நழுவினால் சொல் மொத்தமும் போயிற்று. எழுத்துகளைக் கையில் எடுத்து மாற்றி மாற்றி அடுக்கிப் பார்ப்பவர்களுக்கு அது அவ்வளவு சுலபமாக நழுவாது. எந்த எழுத்து எதனோடு சேரும் என்பது விரலுக்கே பழகிவிடும்.

ஆறு எழுத்துகளை எத்தனை விதமாக அடுக்கலாம் தெரியுமா? 6x5x4x3x2x1... 720 விதம்! பயப்படாதீர்கள், அத்தனையும் எழுதிப் பார்க்க வேண்டியதில்லை. ஆங்கில எழுத்துகளில் சில, கூட்டாளிகளோடுதான் திரியும். ஐ, என், ஜி மூன்றும் உங்கள் கையில் இருந்தால், அவற்றை முதலில் கடைசிக்குத் தள்ளுங்கள். ஜி, ஆர், ஐ, என், எஸ், பென்சிலில் வரும் பி இவை ஆறும் கிடைத்தன என்று வையுங்கள். மூன்றைக் கடைசிக்குத் தள்ளியாயிற்று. மிச்சம் மூன்றுதான். எஸ், பி, ஆர் என்று முன்னால் வைத்தால் 'ஸ்பிரிங்'! எச் கிடைத்தால் அதன் முன்னால் எஸ், சி, டி ஒவ்வொன்றாக வைத்துப் பாருங்கள். க்யூ கிடைத்தால், யு எங்கே என்று தேடுங்கள்.

இந்தத் தேடலையே விளையாட்டாக்கியவர் அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ஆல்ஃபிரட் மோஷர் பட்ஸ். 1930-களின் பொருளாதார மந்தத்தில் வேலை போய் வீட்டில் இருந்தவர். ஆங்கிலத்தில் எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று செய்தித்தாள்களைப் பிரித்துவைத்து எண்ணினார். எண்ணி எண்ணி உருவாக்கியதுதான், 1948-இல் 'ஸ்கிராபிள்' என்று பெயர் பெற்ற விளையாட்டு. மொத்தம் 100 வில்லைகள். அதிகம் வரும் இ-க்கு 12 வில்லைகள், ஒவ்வொன்றுக்கும் ஒரே புள்ளி. க்யூ, இசட் இரண்டுக்கும் ஒவ்வொரு வில்லைதான். ஆனால் 10 புள்ளி! எஸ் மட்டும் நான்கே நான்கு. எஸ் நிறைய இருந்தால், எல்லாரும் கண்ட சொல்லோடும் அதை ஒட்டிப் பன்மையாக்கிவிடுவார்கள் அல்லவா! கடையில் இதற்கு விலை அதிகம். பழைய காலண்டர் அட்டையும் கத்தரிக்கோலும் இருந்தால் நீங்களே செய்துவிடலாம்.

இந்த ஆட்டத்தில் மன்னர், நியூசிலாந்தைச் சேர்ந்த நைஜல் ரிச்சர்ட்ஸ். 2015-இல் பிரெஞ்சு மொழி ஸ்கிராபிளில் உலகப் பட்டம் வென்றார். அவருக்குப் பிரெஞ்சு பேசத் தெரியாது! ஒன்பது வாரங்கள் பிரெஞ்சு அகராதியைப் படித்துவிட்டுப் போய் ஜெயித்தார். 2024-இல் ஸ்பானிய மொழியிலும் அதையே செய்து காட்டினார். கேட்டால் வாய் பிளக்கிறது. ஆனால் அவர் ஆடுவது போட்டி. அவருக்கு எழுத்து போதும். உங்களுக்குப் போதாது. நாளை ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுத வேண்டும், நாலு பேரிடம் பேச வேண்டும். அதனால் உங்கள் ஆட்டத்தில் ஒரு விதி சேர்த்துக்கொள்ளுங்கள்: கண்டுபிடித்த சொல்லை ஒரு வாக்கியத்தில் வைத்துச் சொன்னால்தான் புள்ளி. சொல்லத் தெரியவில்லையா? அகராதியைப் புரட்டிப் பொருள் பார்த்துவிட்டு வாருங்கள், பாதிப் புள்ளி தரலாம்.

"இதற்கெல்லாம் செல்போனில் செயலி இருக்கிறதே!" என்று யாரோ முணுமுணுப்பது கேட்கிறது. இருக்கிறது. அது வேலை செய்யும் விதமும் சுவையானதுதான். 'லிசன்', 'சைலன்ட்' இரண்டின் எழுத்துகளையும் ஏ முதல் இசட் வரையுள்ள வரிசைப்படி அடுக்குங்கள். இரண்டுமே இ, ஐ, எல், என், எஸ், டி என்றுதான் வரும். ஜிகினாவைக் குறிக்கும் 'டின்சல்' என்ற சொல்லும் அப்படியே. இப்படி அகராதியில் உள்ள சொற்களை எல்லாம் பெட்டி பெட்டியாகப் பிரித்து வைத்துக்கொண்டால், எழுத்துகளைக் கொடுத்த நொடியில் உரிய பெட்டியைத் திறந்து கொட்டிவிடலாம்.

கொட்டியதைப் பார்த்து எழுதினால் யாருக்கு ஸ்பெல்லிங் வரும்? செல்போனுக்குத்தான் ஏற்கெனவே வருமே! முதலில் அரை மணி நேரம் நீங்களே தேடுங்கள். பிறகு, எதையெல்லாம் விட்டுவிட்டோம் என்று பார்க்க, அப்பா அம்மாவிடம் கேட்டுச் செல்போனை வாங்கிக்கொள்ளுங்கள்.

இந்த வாரத்துக்கு ஒன்று. 'டீச்சர்' என்ற சொல்லில் ஏழு எழுத்துகள். அவற்றை ஒன்றுவிடாமல் மாற்றி அடுக்கினால், நிலத்தை அளக்கும் ஓர் அளவு வரும். 10,000 சதுர மீட்டர் கொண்டது. உங்கள் கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது. இன்னொரு விதமாக அடுக்கினால், 'ஏமாற்றுபவர்' என்ற பொருளில் ஒரு சொல்லும் வரும். கண்டுபிடித்தவர்கள் அதை வகுப்பில் சத்தமாகச் சொல்லிவிடாதீர்கள்!