பழைய காரின் வயதும் நிலையும்

ஸ்டேஷன் வேகன் என்ற கார் வகை இந்தியச் சந்தையில் வேரூன்றவில்லை. 1992இல் வந்த டாடா எஸ்டேட்டும் 2004இல் வந்த இண்டிகோ மரீனாவும் நிலைக்கவில்லை. ஆயினும் சாமராஜநகர் போன்ற எல்லை மாவட்டத்தில், கைமாறி வந்த டர்போ டீசல் மரீனாவின் பயன் எளிதில் விளங்கும். குடும்பத்தோடு மூட்டைகளையும் ஏற்றிக்கொண்டு சத்தியமங்கலத்திலிருந்து திரும்பும் வண்டி, திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளை ஏறியாக வேண்டும். வெளியேறும் புகையின் விசையால் சுழன்று எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தரும் டர்போவே அங்குக் கைகொடுக்கிறது.

அதே டர்போ அக்கறையையும் கோருகிறது. நிமிடத்துக்கு லட்சம் முறைக்கு மேல் சுழலக்கூடிய அதன் தண்டு, ஆயில் படலத்தின் மீதே இயங்குகிறது. உரிய காலத்தில் ஆயில் மாற்றுவதும், ஏற்றம் முடிந்தபின் எஞ்சினைச் சற்று ஓடவிட்டு அணைப்பதும் உரிமையாளரின் பொறுப்பு.

இந்தப் பொறுப்புக்கு அரசின் கட்டண விதியில் மதிப்பில்லை. 15 ஆண்டு கடந்த காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாயிற்று. 20 ஆண்டு கடந்தவற்றுக்கு 2025இல் 10,000 ரூபாயாக்கப்பட்டது. பழைய வண்டிகள் மிகுதியாக மாசுபடுத்துகின்றன என்ற வாதம் புறந்தள்ளத்தக்கதன்று. ஆனால், பேணப்பட்ட காருக்கும் பேணப்படாத காருக்கும் ஒரே தொகை என்பது நியாயமாகாது. தகுதிச் சோதனையில் தெரியவரும் புகை அளவையும் பிரேக்கின் நிலையையும் கொண்டே கட்டணம் தீர்மானிக்கப்பட வேண்டும். இல்லையேல், புதுக் கார் வாங்க இயலாத குடும்பம் ஆயிலுக்குச் செலவிட வேண்டிய பணத்தைக் கட்டணத்துக்குச் செலுத்தும், புகை குறையாது.