தத்தனேரி மயானமும் விருதுநகரும்

விருதுநகரிலிருந்து மதுரை சுமார் 45 கிலோமீட்டர். 1956-ம் வருஷம் அக்டோபர் மாதத்தில் விருதுநகர்த் தியாகி ஒருவர் குற்றுயிராய் அவ்வழியே மதுரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லப்பட்டார். அவர் ஊர் திரும்பவில்லை. வைகையின் வடகரையிலுள்ள தத்தனேரி மயானத்தில் அவருடைய ஈமக்கடன் நிறைவேறியது. அவரே தியாகி சங்கரலிங்கனார்.

மயானத்தைப் பற்றித் தலையங்கம் எழுதுவது அமங்கலம் என்று நண்பர் சிலர் முகஞ் சுளிக்கக்கூடும். சுளிக்கட்டும். தேச சரித்திரத்தில் பாதி மயானங்களில்தான் கிடக்கிறது.

சங்கரலிங்கனார் 1895-ல் பிறந்தவர், காந்தியடிகளின் வழி நின்ற காங்கிரஸ்காரர், கதர்த் தொண்டர். 1956 ஜூலை 27-ந் தேதி அவர் உண்ணாவிரதம் பூண்டார். அவருடைய கோரிக்கைகள் பன்னிரண்டு. இந்தியா முழுவதும் மதுவிலக்கு வேண்டும், சர்க்கார் ஊழியர் கதர் அணியவேண்டும் என்பனவும் அவற்றுள் அடங்கும். ஆயினும் ஜனங்களின் நெஞ்சில் நின்றது ஒன்றே: சென்னை ராஜ்யத்துக்குத் ‘தமிழ்நாடு’ என்று பெயரிடுக. அக்டோபர் 13-ந் தேதி உயிர் பிரிந்தது. பதினோரு வாரம் பட்டினி கிடந்து உயிர் துறந்தவரின் உறுதியை யார்தான் ஐயுறுவர்?

அப்போது முதன் மந்திரியாயிருந்தவர் ஸ்ரீ காமராஜ். அவரும் விருதுநகர்ப் புதல்வரே. ராஜ்யத்தின் பெயரை மாற்றும் அதிகாரம் பார்லிமெண்டுக்கே உண்டென்பது மெய். ஆனால் மாற்றித் தருக என்று சட்டசபை கேட்பதற்கு என்ன தடை? 1967 ஜூலை 18-ந் தேதி, அண்ணாதுரை மந்திரிசபையின் காலத்தில், அதே சட்டசபை அவ்வாறே தீர்மானம் செய்தது. 1969 ஜனவரி 14 முதல் புதுப்பெயர் அமலுக்கு வந்தது. பதினொரு வருஷம் முந்திச் செய்திருக்கக் கூடியதைச் செய்யாமல் விட்ட பழி தேசியவாதிகளாகிய நம்மைச் சேர்ந்ததே. தமது உடலைக் கம்யூனிஸ்டுகளிடம் ஒப்படைக்கும்படி அக்கதர்த் தொண்டர் கேட்டுக்கொண்டார் என்பதை நினைக்கும்போது நமக்குத் தலை குனிகிறது. காமராஜ் 1975 அக்டோபர் 2-ந் தேதி, காந்தி ஜயந்தியன்று காலமானார். அவருக்குக் கிண்டியில் நினைவகம் எழுந்தது. ஓரூரில் வளர்ந்த இருவரும் ஊருக்கு வெளியே எரிந்து அடங்கினர்.

சங்கரலிங்கனாருக்கு விருதுநகரில் மணிமண்டபம் அமைந்திருப்பது மகிழ்ச்சிக்குரியது. ஆனால் மண்டபம் கட்டியதோடு கடமை தீர்ந்ததென்று எண்ணும் வழக்கம் நம்மிடம் உண்டு. 1939-ல் ஹிந்தி எதிர்ப்பில் சிறைப்பட்டு மாண்ட நடராஜனும் தாளமுத்துவும் சென்னை மூலகொத்தளம் மயானத்தில் புதைக்கப்பட்டவர்கள். அவர்கள் கொள்கை நமக்கு உடன்பாடோ அன்றோ, அது வேறு விஷயம். அம்மயான நிலத்தில் வீடு கட்டச் சர்க்கார் முற்பட்டபோது ஜனங்கள் எதிர்த்து நின்றனர். இடம் போனால் நினைவும் போகும் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

விருதுநகர் ஜில்லாவுக்கு இது இன்னும் நெருங்கிய விஷயம். 2012 செப்டம்பர் 5-ந் தேதி சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்து 35 பேருக்கு மேல் மாண்டனர். அவர்களில் பலர் ஆலைத் தொழிலாளரல்லர். புகையைக் கண்டு ஓடிவந்த அக்கம்பக்கத்தார். 2021 பிப்ரவரி 12-ல் அச்சன்குளத்தில் 20-க்கு மேற்பட்டோர் மடிந்தனர். அடையாளந் தெரியாதபடி கருகிய உடல்களை ஏற்ற மயானங்கள் அவை. நஷ்டஈட்டுத் தொகை பத்திரிகைகளில் வருகிறது. பெயர்களோ ஓரிரு நாளில் மறைந்துபோகின்றன.

ஆகையால் நாம் கேட்பது பெருஞ்செலவு பிடிக்கும் காரியமன்று. ஜில்லாவிலுள்ள முனிசிபாலிடிகளும் பஞ்சாயத்துகளும் மயானப் பதிவேடுகளை ஒழுங்காகக் காப்பாற்றட்டும். வெடிவிபத்தில் மாண்டவர் அனைவர் பெயரும், வயதும், ஊரும் பொறித்த கல் ஒன்று அவரவர் கிராமத்து மயான வாயிலில் நிற்கட்டும். செலவை ஆலை முதலாளிகள் ஏற்கட்டும். கல்லை நாட்டும் நாளில் ஜில்லா கலெக்டர் வந்து நின்று, அப்பெயர்களை உரக்க வாசிக்கட்டும்.