எண்ணை நம்பும் முன் கையைக் கழுவுவோம்

சென்ற மாம்பழப் பருவத்தில், காவேரிப்பட்டினத்தை அடுத்த சிற்றூரிலிருந்து ஒரு பெரியவர் எங்களிடம் வந்தார். மாங்கூழ் ஆலைக்குப் பழம் தரம் பிரித்து அனுப்புவது அவர் தொழில். வீட்டுக் குளுக்கோமீட்டர் மூன்று நாள் தொடர்ந்து மாலையில் 300-க்கு மேல் காட்டவே, தாமாகவே இன்சுலினைக் கூட்டியிருக்கிறார். மூன்றாம் நாள் இரவு உடல் வியர்த்து நடுங்கியது, பேச்சு குழறியது. விழுங்கும் நிலையில் இருந்ததால், குடும்பத்தார் சர்க்கரை நீர் கொடுத்து அவரைக் காத்தனர். விசாரித்தபோது, வேலை முடிந்ததும் கையைத் துண்டில் துடைத்துவிட்டுச் சோதித்ததாகக் கூறினார்.

கருவியில் பழுது இல்லை. சோதனைப் பட்டையின் நுனியில் ஒரு நொதி பூசப்பட்டுள்ளது. அது குளுக்கோசுடன் வினைபுரியும்போது எலக்ட்ரான்கள் வெளிப்படுகின்றன. மின்முனை வழியே செல்லும் அந்தச் சிறு மின்னோட்டத்தையே கருவி எண்ணாக மாற்றிக் காட்டுகிறது. அந்தக் குளுக்கோஸ் இரத்தத்தில் இருந்து வந்ததா, விரலில் ஒட்டிய பழச்சாற்றில் இருந்து வந்ததா என்று நொதிக்குத் தெரியாது. பழச்சாற்றில் குளுக்கோசின் செறிவு இரத்தத்தில் உள்ளதைப் போலப் பல மடங்கு. சோதனைக்கு எடுப்பதோ கடுகளவு இரத்தம். ஆகவே சிறிதளவு சாறு கலந்தாலும் எண் வெகுவாக உயரும்.

2011-இல் ஜப்பானிய மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதனைத் தெளிவாக்கியது. சர்க்கரை நோய் இல்லாதவர்கள் ஆரஞ்சு, திராட்சை, கிவிப் பழங்களை உரித்தபின் விரலில் சோதித்தபோது எண் மிக உயர்ந்திருந்தது. ஆல்கஹால் பஞ்சால் துடைத்தும் அது சரியாகவில்லை. குழாய் நீரில் கழுவிய பின்னரே உண்மை அளவு கிடைத்தது.

'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்டது நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். சர்க்கரைப் பரிசோதனை வீட்டு வாசலுக்கே வந்துவிட்டது. பல வீடுகளில் சொந்தக் கருவியும் உள்ளது. இது பெரும் நன்மை. ஆயினும் கருவி சென்ற வேகத்தில் அதைப் பயன்படுத்தும் முறை சென்று சேரவில்லை என்பதே எங்கள் கருத்து. இதில் முதற்குறை மருத்துவர்களாகிய எங்களுடையது. நோயாளியின் குறிப்பேட்டைப் பார்த்து மருந்தின் அளவை மாற்றுகிறோம்; "கை கழுவிய பின் சோதித்தீர்களா?" என்று கேட்பதில்லை. இனி கேட்போம். நாங்கள் மறந்தால் நீங்கள் நினைவூட்டுங்கள்.

வீட்டில் சோதிக்கும் முன் சோப்பும் நீரும் கொண்டு கை கழுவி, நன்றாக உலர்த்துங்கள். நீர் கிடைக்காத இடத்தில் முதல் துளியைத் துடைத்துவிட்டு, விரலை அழுத்திப் பிழியாமல், இரண்டாம் துளியில் சோதியுங்கள். பட்டைக் குப்பியை உடனே இறுக மூடுங்கள்; வெயிலிலும் அடுப்பருகிலும் வைக்காதீர்கள்; காலாவதி நாளைப் பாருங்கள். இரத்தச்சோகை உள்ளவர்களுக்குக் கருவி சற்றுக் கூடுதலாகக் காட்டக்கூடும் என்பதால், அதனை எங்களிடம் தெரிவியுங்கள். தரமான கருவியிலும் 15 விழுக்காடு வரை ஏற்ற இறக்கம் ஏற்கத்தக்கதே. 180-க்கும் 195-க்கும் உள்ள வேறுபாட்டைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை.

எதிர்பாராமல் எண் உயர்ந்திருந்தால், கை கழுவி மீண்டும் சோதியுங்கள். அப்போதும் உயர்ந்தே இருந்தால் அதனைப் பொருட்படுத்தாமல் விடாதீர்கள், எங்களை அழையுங்கள். நாங்கள் சொல்லாமல் இன்சுலினைக் கூட்ட வேண்டாம். ஆனால் வியர்வை, நடுக்கம், படபடப்பு தோன்றி, சோதிக்க வழியில்லை எனில் காத்திராமல் உடனே சர்க்கரை உட்கொள்ளுங்கள்.

விலை கொடுத்து வாங்கிய பட்டை வீணாகாதிருக்கவும், மருந்தின் அளவு தவறாதிருக்கவும் தேவைப்படுவது ஒரு குவளை நீர்தான். அதனைச் சோதனையின் முதற்படியாகக் கொள்ளுமாறு ஒவ்வொரு குடும்பத்தையும் கேட்டுக்கொள்கிறோம்.