தயாரிப்பவரிடமே வாங்குங்கள்

பாக்கெட் கடிகாரத்தின் மீது இளைஞர்களுக்கு மீண்டும் ஆசை வந்திருக்கிறது. கடிகாரம் பழுதுபார்க்கும் எனக்கு அதில் பெரும் மகிழ்ச்சி. ஆனால் முகம் தெரியாதவர்களிடம் இணையத்தில் வாங்கி ஏமாறுகிறார்களே, அதுதான் வேதனை. மூடியைத் திறந்தால் டயலில் புதுப் பெயிண்ட். முள் ஒரு கம்பெனி, மெஷின் வேறு கம்பெனி. பழைய எச்.எம்.டி. என்று நம்பிப் பணம் கொடுத்தவருக்கு என்ன பதில் சொல்வது?

1961இல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு சேர்ந்து பெங்களூரில் கடிகாரம் செய்யத் தொடங்கியது எச்.எம்.டி. அதன் கடிகார நிறுவனத்தை மூட 2016இல் மத்திய அரசு முடிவெடுத்தது. அதன் பிறகு அந்தப் பெயருக்கு மவுசு கூடியது. ஒட்டுப்போட்ட கடிகாரங்களும் பெருகின.

எனவே, எந்தக் கம்பெனியானாலும் தயாரிப்பவரிடமே நேராகத் தபாலில் தருவியுங்கள். பில்லில் அவர் பெயர் இருக்கும், பொறுப்பும் அவருடையதே. பணம் கட்டும் முன் கேளுங்கள்: உத்தரவாதம் எத்தனை ஆண்டு? மெயின் ஸ்பிரிங், பாலன்ஸ் வீல் தனியாகக் கிடைக்குமா? பழுதானால் தபாலிலேயே திருப்பி அனுப்பலாமா?

தயாரிப்பாளர்களும் உதிரிபாகங்களைச் சிறு கடைக்காரர்களுக்குத் தபாலில் விற்க வேண்டும். சாவி கொடுக்கும் கடிகாரத்தைச் சுத்தம் செய்து எண்ணெய் விட்டால் பேரன் காலம்வரை ஓடும். பாகம் கிடைக்காவிட்டால் முதல் பழுதிலேயே அதன் ஆயுள் முடிந்துவிடும்.