21 வயதுக்குக் குறைந்தால் அது உழைப்பில்லையா?

2023 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டத்தைத் தொடங்கியபோது, மாதம் 1000 ரூபாய் என்னும் தொகையைவிட அதன் பெயரே எனக்கு முக்கியமாகப் பட்டது. உதவித்தொகை என்னாமல் உரிமைத் தொகை என்றார்கள். வீட்டுக்குள் கூலியின்றிப் பெண்கள் செய்யும் வேலையும் உழைப்புதான். அதற்குச் சமூகம் கடன்பட்டிருக்கிறது என்பது அதன் பொருள். இக்கொள்கையை முழுமனத்தோடு ஏற்கிறேன். ஏற்பதனால்தான் கேட்கிறேன்: 21 வயது நிறைந்த குடும்பத் தலைவி செய்தால் மட்டும்தான் அது உழைப்பா?

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் மானாவாரி ஊர்களைச் சற்று நினைத்துப் பாருங்கள். வேப்பந்தட்டைப் பக்கம் மக்காச்சோளமும் பருத்தியும். செந்துறை, ஜெயங்கொண்டம் பக்கம் முந்திரி. மழை பொய்த்தால் திருப்பூருக்கோ வளைகுடாவுக்கோ போக வேண்டியதுதான். போகிறவர்கள் போக, வீட்டில் மிஞ்சுவோர் முதியவர்களும் நோயாளிகளும் பள்ளிப் பிள்ளைகளும். பக்கவாதத்தில் படுத்த பாட்டியைப் புரட்டிப் போடுவதும், தந்தையை ரத்தச் சுத்திகரிப்புக்குப் பேருந்தில் அழைத்துச் செல்வதும் அந்தப் பிள்ளைகளின் வேலையாகிவிடுகின்றன. அரசு மருத்துவமனையில் சேர்த்தால் "கூட இருக்க ஆள் யார்?" என்று கேட்கிறார்கள். அந்த ஆள் பெரும்பாலும் பன்னிரண்டாம் வகுப்பில் இருக்கிறாள். பிறகு கல்லூரிக்கு வந்தால் 75 விழுக்காடு வருகைப்பதிவு வேண்டும். தனக்குக் காய்ச்சல் என்றால் மருத்துவச் சான்றிதழ் செல்லும். பிறர் நோய்க்காக இழந்த நாட்களுக்கு எந்தச் சான்றிதழும் இல்லை.

திட்டங்களே இல்லையா என்பீர்கள். உண்டு. 2022இல் தொடங்கிய புதுமைப்பெண், 2024இல் தொடங்கிய தமிழ்ப்புதல்வன் ஆகியவை கல்லூரியில் படிப்போருக்கு மாதம் 1000 ரூபாய் என வகுக்கப்பட்டவை. கல்லூரிக்கே வர முடியாமல் வீட்டில் தங்கிவிட்டவளுக்கு அவற்றில் இடமில்லை. 2025 செப்டம்பரில் தொடங்கிய அன்புக்கரங்கள், பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைகளுக்கும், ஒருவரை இழந்து மற்றவர் கடும் நோயிலோ உடல், மனக் குறைபாட்டிலோ இருக்கும் பிள்ளைகளுக்கும் 18 வயதுவரை மாதம் 2000 ரூபாய் என்றது. நல்ல திட்டம்தான். ஆனால் அங்கே நோய் மட்டும் போதாது. வீட்டில் ஒரு சாவும் விழுந்திருக்க வேண்டும். மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா பெற்றோரின் இயலாமையைக் கணக்கில் கொள்கிறது, 4000 ரூபாய் தருகிறது. அதற்குக் கிராமப்புறத்தில் ஆண்டு வருமானம் 72,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. அதுவும் அந்தப் பிள்ளையைப் பாதுகாக்கப்பட வேண்டியவளாகப் பார்க்கிறதே அன்றி, இன்னொருவரைப் பாதுகாத்துக் கொண்டிருப்பவளாகப் பார்ப்பதில்லை.

இலக்கியவாதிகளாகிய நாமும் குற்றவாளிகளே. புதுமைப்பித்தனின் 'செல்லம்மா'ளில் நோயாளி மனைவிக்குப் பணிவிடை செய்யும் பிரமநாயகம் பிள்ளையின் அலுப்பையும் நேசத்தையும் ஒருங்கே உணர்ந்தோம். அவர் வளர்ந்த மனிதர். அதே வேலையைப் பதினைந்து வயதுப் பெண் செய்தால் 'பொறுப்பான பிள்ளை' என்று ஒரு சொல்லைச் சூட்டிக் கதையை முடித்துவிடுகிறோம். தியாகம் என்று பெயரிட்டுவிட்டால் கூலி கேட்பது அநாகரிகமாகிவிடும் அல்லவா?

பாசத்துக்கு விலை வைப்பதா என்று சிலர் கேட்பார்கள். தாயின் பாசத்துக்கு உரிமைத் தொகை விலையாகவில்லை என்றால் மகளின் பாசத்துக்கும் ஆகாது. பணம் கொடுத்தால் பிள்ளைகளைப் படிப்பிலிருந்து நிறுத்திவிடுவார்கள் என்பது இதைவிட வலுவான ஆட்சேபம். அதை நான் புறந்தள்ளவில்லை. அதனால்தான் பணத்தோடு, பிள்ளை வகுப்பிலிருக்கும் நேரத்தில் நோயாளியைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆளையும் கேட்கிறேன். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், வீடுதேடிச் செல்வது அரசால் இயலும் என்பதைக் காட்டிவிட்டது. ஸ்காட்லாந்து 2019 அக்டோபரில் இளம் பராமரிப்பாளர் மானியத்தைத் தொடங்கியது. வாரத்துக்குச் சராசரியாக 16 மணி நேரம் ஒருவரைப் பராமரிக்கும் 16 முதல் 18 வயதினருக்கு, தொடங்கியபோது ஆண்டுக்கு 300 பவுண்டு தந்தது. தொகை சிறிதுதான். ஆனால் அவர்களுக்குச் சட்டத்தில் ஒரு பெயர் கிடைத்தது.

நமக்கும் முதலில் தேவை அந்தப் பெயரே. பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் பதிவேட்டில் பெற்றோர் தொழில், சாதி, வருமானம் எல்லாம் கேட்கிறோம். "வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்வது யார்?" என்று ஒரு கேள்வியைச் சேர்க்கட்டும். பதில் வந்த பிறகு உதவித்தொகையைச் சாவோடு பிணைக்காமல் பராமரிப்போடு பிணைக்கட்டும். கல்லூரிகள் வருகைப்பதிவில் விலக்கு அளிக்கட்டும். இரண்டு மாவட்டங்களில் தொடங்கிப் பார்க்கலாம். பெரம்பலூரும் அரியலூரும் சிறிய மாவட்டங்கள். வீடு வீடாகக் கணக்கெடுப்பது கடினமன்று.